வயிற்றைத் திறந்து ஆபரேஷன்: மூடும்போதே வலை வைக்கலாம் என்கிறார் டாக்டர். சம்மதிக்கலாமா?

நாகலூர் மகன்:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம் நாகலூரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 56 வயது. சினைப்பையில் பெரிய கட்டி, ஸ்கேனில் தொப்புளுக்கு மேலே வரை தெரிகிறது. எடுத்துப் பரிசோதித்தால்தான் என்ன கட்டி என்று சொல்ல முடியும், உள்ளே உடையாமல் முழுசாக வெளியே வர வேண்டும், அதனால் துளை போட்டுச் செய்வது சரிப்படாது, நடுவயிற்றில் நெடுக்காகத் திறந்துதான் செய்ய வேண்டும் என்று சேலத்தில் சொல்லிவிட்டார்கள். அதுவரை எங்களுக்குப் புரிந்தது.

அப்புறம் சொன்னதுதான் குழப்பம். அம்மா எடை 82 கிலோ, உயரம் 152 செ.மீ. சர்க்கரை உண்டு. பனிக்காலம் வந்துவிட்டால் இருமல் விடாது. "இவங்களுக்குத் தையல் போட்ட இடத்தில் பின்னாடி குடல் இறக்கம் வர வாய்ப்பு அதிகம். வயிற்றை மூடும்போதே ஒரு மெஷ், அதாவது வலை, வைத்து மூடிவிடலாம். வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

வராத நோய்க்கு எதற்கு வலை என்று அப்பா கேட்கிறார். வலை வைத்தால் சீழ் பிடிக்கும், பிறகு அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் என்கிறார் அக்கா வீட்டுக்காரர். எனக்கு இரண்டு பக்கமும் பேசத் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொண்டலாம்பட்டி கதிர்:

தம்பி, அவசரப்பட்டுச் சரி சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவிலேயே மெஷ்ஷைத் தடை செய்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோ பார்த்தேன். பெண்கள் நிறைய பேர் வலியோடு கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். நல்லா விசாரியுங்கள்.

குகை ரேவதி:

தம்பி, நான் இந்தத் தொல்லையை அனுபவித்தவள், அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் குடல்வால் வெடித்து, ராத்திரியோடு ராத்திரியாக நடுவயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தேன், அதற்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. ஆனால் புண்ணில் சீழ் வைத்து ஆற ரொம்ப நாள் ஆனது. ஒரு வருடம் கழித்துப் படுக்கையிலிருந்து எழுந்தபோது தழும்பின் கீழ்ப்பாதியில் ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும். தும்மினால், இருமினால், குனிந்து வாசல் கூட்டினால் வெளியே தள்ளும். உள்ளங்கையை மேலே வைத்தால் உள்ளே ஏதோ நெளிவதும் களகளவென்று ஓடுவதும் கைக்குத் தெரியும். முதல் தடவை தொட்டபோது உடம்பே நடுங்கிவிட்டது.

அதைவிட வலித்தது பேச்சு. "குடம் தூக்கினாயா? கிரைண்டரில் குழவியைத் தூக்கினாயா? சொன்ன பேச்சு கேட்டால்தானே" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஸ்கேன் எடுத்த இடத்திலும் அதே கேள்வி. உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் என்று வீட்டிலேயே பெயர் வாங்கினேன்.

அதைச் சரி செய்ய ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெறும் தையல் மட்டும் போட்டு மூடினார்கள். திரும்பவும் வந்தது. இரண்டாவது தடவை வேறு இடத்தில் வலை வைத்துச் செய்த பிறகுதான் நிம்மதி. முதல் ஆபரேஷனிலேயே இப்படி ஒன்று வரலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே பேசுகிற டாக்டர் கிடைத்திருக்கிறார். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

சேலம் சர்ஜன்:

அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பொது அறுவை மருத்துவன் நான். நாகலூர் தம்பிக்குப் பதில் சொல்லும் முன் ரேவதி அம்மாவுக்கு ஒரு வார்த்தை. குடம் தூக்கியதால் உங்களுக்கு ஹெர்னியா, அதாவது குடல் இறக்கம், வரவில்லை. அந்தப் பழியை இன்றோடு இறக்கி வையுங்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், 1989இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. வயிற்றை மூடும்போது வயிற்றுச் சுவரின் கெட்டிப் படலத்தின் இரண்டு ஓரங்களிலும் சிறிய உலோகக் கிளிப்புகளை வைத்துவிட்டு, பிறகு எக்ஸ்ரே எடுத்து அந்தக் கிளிப்புகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்தார்கள். மேலே தோல் அழகாக ஆறியிருக்கிறது, நோயாளி நன்றாக நடக்கிறார், ஆனால் ஒரே மாதத்தில் சிலருக்கு உள்ளே ஓரங்கள் 12 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விலகிவிட்டிருந்தன. பின்னாளில் ஹெர்னியா வந்தது பெரும்பாலும் அவர்களுக்குத்தான். அதாவது வீக்கம் கண்ணுக்குத் தெரிய ஒன்று, இரண்டு, மூன்று வருடம் ஆகலாம். அதற்கான விதை முதல் சில வாரங்களிலேயே விழுந்துவிடுகிறது. எப்படித் தைத்தார்கள், புண்ணில் சீழ் வந்ததா, நோயாளியின் திசு எப்படிப்பட்டது, இவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. ரேவதி அம்மாவுக்கு அவசர ஆபரேஷன், மேலே சீழ். இரண்டுமே பெரிய காரணங்கள். நம் ஊரில் என்ன நடக்கிறது? தழும்பு பிரிந்தால் உடனே அந்தப் பெண்ணின் இடுப்பில் இருந்த குடத்தைக் கை காட்டிவிடுகிறோம். எத்தனையோ அம்மாக்கள் இதைக் கேட்டுக் கூனிக் குறுகி உட்கார்ந்ததை வெளிநோயாளிகள் பிரிவில் பார்த்திருக்கிறேன். மனசு ஆறவே ஆறாது.

இப்போது தம்பியின் கேள்வி.

வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக வெள்ளையாக ஒரு கெட்டிப் படலம் ஓடுகிறது. இரு பக்கத் தசைகளின் உறைகளும் அங்கேதான் சேருகின்றன. வயிற்றுச் சுவரின் பலம் தோலிலோ கொழுப்பிலோ இல்லை, இந்தப் படலத்தில் இருக்கிறது. நெடுக்காகத் திறக்கும்போது அதைத்தான் வெட்டுகிறோம். எவ்வளவு நன்றாக ஆறினாலும் பழைய பலத்தில் சுமார் 80 சதவீதத்துக்கு மேல் அது திரும்புவதில்லை. அந்த அளவுக்கு வரவே மாதக்கணக்கு ஆகும். அதுவரை இருமலும் தும்மலும் முக்கலும் அந்தக் கோட்டை இரு பக்கமும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

நடுவயிற்றைத் திறந்த ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவாக 100 பேரில் 10 முதல் 20 பேருக்குத் தழும்பில் ஹெர்னியா வருகிறது. உடல் எடை அதிகம் உள்ளவர்கள், புகைப்பவர்கள், தீராத இருமல் உள்ளவர்கள், வயிற்றுப் பெருநாளம் (இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய்) வீங்கி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், சீழ் பிடித்தவர்கள், இவர்களுக்கு 30 வரை போகிறது. உங்கள் அம்மாவின் எடையையும் உயரத்தையும் கணக்குப் போட்டால் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 35க்குச் சற்று மேல். சர்க்கரை இருக்கிறது, இருமல் இருக்கிறது. டாக்டர் பயமுறுத்தவில்லை, உள்ளதைச் சொல்லியிருக்கிறார்.

வலை பற்றி நீளமாக எழுத வேண்டும். சாயங்காலம் வருகிறேன்.

அம்மாபேட்டை தறி:

டாக்டர் சார், வணக்கம்ங்க. என் மாமியாருக்கும் இதே பிரச்சினை, அதனால் கூர்ந்து படித்தேன். நான் நாளெல்லாம் துணியோடு இருப்பவன். ஒரு சந்தேகம். போன வாரம் ஒரு டாக்டர் இப்போதெல்லாம் சின்னச் சின்னதாகத் தைப்பதுதான் நல்லது என்றார். துணியில் ஓரத்தை ஒட்டித் தைத்தால் இழை உருவி, தையல் பிய்த்துக்கொண்டு வரும். தள்ளி, அகலமாகப் பிடித்துத் தைத்தால்தான் தாங்கும். உடம்புக்கு மட்டும் எப்படி மாறும்?

சேலம் சர்ஜன்:

இதைவிட நல்ல கேள்வி எங்கள் மாணவர்கள்கூடக் கேட்டதில்லை. நீங்கள் சொல்வதைத்தான் எங்களுக்கும் கற்றுத் தந்தார்கள். ஓரத்திலிருந்து 1 செ.மீ. தள்ளிப் பிடி, 1 செ.மீ. இடைவெளி விடு, பெரிய ஊசி, தடித்த நூல். நாங்களும் அப்படித்தான் தைத்தோம்.

துணிக்கும் உடம்புக்கும் வித்தியாசம், துணி உயிரோடு இல்லை என்பதுதான். 1 செ.மீ. தள்ளி அகலமாகப் பிடிக்கும்போது வெள்ளைப் படலத்தோடு கொழுப்பும் தசையும் சேர்ந்து நூலுக்குள் வந்துவிடும். நூலை இறுக்கினால் அந்தத் தசையும் கொழுப்பும் நசுங்கும், ரத்தம் ஓடாமல் கரைந்து போகும். உள்ளே இருந்த சதை போன பிறகு அந்த வளையம் தொளதொளத்துவிடும். ஓரங்கள் விலகும். இறந்த சதையில் கிருமிக்கும் கொண்டாட்டம். 5 மில்லிமீட்டருக்குள் படலத்தை மட்டும் பிடித்து, 5 மில்லிமீட்டருக்கு ஒரு தையலாக நெருக்கிப் போட்டால் நசுங்க அங்கே சதை இல்லை. இழுவையும் நிறையத் தையல்களுக்குப் பிரிந்துபோகிறது.

நெதர்லாந்தில் 10 மருத்துவமனைகளில் 560 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பெரிய தையல் போட்டவர்களில் 21 சதவீதம் பேருக்கு ஹெர்னியா, சின்னத் தையல் போட்டவர்களில் 13 சதவீதம். மூடுவதற்கு ஆன கூடுதல் நேரம் 4 நிமிடம் போல. அதில் வலை இல்லை, புது மெஷின் இல்லை, தைக்கும் விதம் மட்டும்தான் மாறியது. அதற்கு முன்பே ஸ்வீடனில் ஒரு குழு இதையே சொல்லியிருந்தது. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நெதர்லாந்து ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒல்லியானவர்கள். அம்மா போன்ற உடல்வாகுக்குச் சின்னத் தையல் மட்டும் போதுமா என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. வலையின் வேலையும் அங்கேதான் தொடங்குகிறது.

ஓ.டி. சிஸ்டர்:

டாக்டர் சார் சொன்னதை நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவள். ஓர் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். எந்த ஊர், எந்த இடம் என்பது வேண்டாமே.

கட்டி வெளியே வந்துவிட்டால் அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்துவிடும். வெளியே அடுத்த நோயாளி டிராலியில் காத்திருப்பார். மயக்க மருத்துவர் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்பார். நான் ரத்தம் ஒற்றும் துணிகளையும் கருவிகளையும் எண்ணிச் சொல்வேன். பெரியவர் கிளவுஸைக் கழற்றிவிட்டுப் போவார், மூடுவது சின்னவர் கையில் வரும். பெரும்பாலான இடங்களில் இப்படித்தான். ஆனால் நான் இப்போது பணி செய்யும் பெரிய டாக்டர் மூடி முடிக்கும்வரை போக மாட்டார். "சின்ன ஊசி கொடுங்க சிஸ்டர்" என்பார். பழைய தடித்த பெரிய ஊசி இல்லை, பாதி வட்டத்துக்கு வளைந்த 31 மில்லிமீட்டர் ஊசி, இரண்டு-பூஜ்யம் அளவில் பி.டி.எஸ். என்ற மெதுவாகக் கரையும் நூல். தொடங்கும் முன் ஸ்டெரைல் ஸ்கேலை எடுத்துக் காயத்தை அளப்பார். 20 செ.மீ. காயம் என்றால் உள்ளே போகும் நூல் 80 செ.மீ.க்குக் குறையக் கூடாது. முடித்ததும் மிச்ச நூலை அளக்கச் சொல்லி என்னிடம் கேட்பார், நான் கழித்துச் சொல்வேன், ஆபரேஷன் நோட்டில் எழுதுவார். நாலுக்கு ஒன்று வரவில்லை என்றால் அவர் முகம் மாறிவிடும். அந்த அளவு பார்க்கிறவர்களின் நோயாளிகள் திரும்ப வந்து வயிற்றைக் காட்டுவது குறைவு. இதை நான் என் கண்ணால் கண்டு சொல்கிறேன்.

நூலும் முக்கியம், அதையும் கேளுங்கள். சீக்கிரம் கரைகிற விக்ரில் என்ற நூல் இரண்டு மூன்று வாரத்தில் பிடிமானத்தை இழந்துவிடும். படலம் அதற்குள் ஆறியிருக்காது. பி.டி.எஸ். ஆறு வாரம் வரைக்கும் பிடித்து நிற்கும், அப்புறம் மெதுவாகக் கரையும்.

ஐந்து ரோடு சுபா:

ஒரு சின்னக் கேள்வி. சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கும் இந்தப் பயம் உண்டா? என் தங்கைக்கு இரண்டு சிசேரியன்.

ஓ.டி. சிஸ்டர்:

அடிவயிற்றில் குறுக்காக, பிகினி லைனில் போட்டிருந்தால் கவலை ரொம்பக் குறைவு சுபா. அந்த வெட்டில் ஹெர்னியா வருவது அபூர்வம். நெடுக்காகப் போட்டிருந்தால்தான் கவனிக்க வேண்டும். அதனால்தான் முடிகிற ஆபரேஷன்களில் நடுக்கோட்டைத் தவிர்க்கவே டாக்டர்கள் பார்க்கிறார்கள். நாகலூர் அம்மாவின் கட்டிக்கு அது முடியாது.

சேலம் சர்ஜன்:

சொன்னபடி வலை பற்றி.

மூடும்போதே வலை வைப்பதைப் பெரிய அளவில் சோதித்தது நெதர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா மூன்று நாடுகளிலும் நடந்த ஆய்வு. 2017இல் லான்செட்டில் வந்தது. 480 பேர். எல்லோரும் ஆபத்து அதிகம் உள்ளவர்கள், ஒன்று பி.எம்.ஐ. 27 அல்லது அதற்கு மேல், அல்லது பெருநாள வீக்கத்துக்காக ஆபரேஷன். மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். இரண்டு வருடம் கழித்து, வெறும் தையல் போட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கு ஹெர்னியா. படலத்தைத் தைத்து அதன் மேலே வலை விரித்தவர்களில் 13 சதவீதம். தசைக்குப் பின்னால் வலை வைத்தவர்களில் 18 சதவீதம். பெல்ஜியத்தில் பெருநாள வீக்க நோயாளிகளிடம் மட்டும் நடந்த இன்னோர் ஆய்வில், 2016இல் வந்தது, தசைக்குப் பின்னால் வலை வைத்தவர்களுக்கு இரண்டு வருடத்தில் ஒரு ஹெர்னியாகூட இல்லை. தையல் மட்டும் போட்டவர்களில் 28 சதவீதம்.

இனி அப்பாவின் கேள்வி. வராத நோய்க்கு ஏன்? நியாயமான கேள்விதான், தட்டிக் கழிக்க மாட்டேன். அம்மா போன்ற 100 பேரை எடுத்துக்கொண்டால் வலை இல்லாமலே 70 பேர் தப்பித்துவிடுவார்கள். அவர்களுக்கு வலை வீண்தான். யார் அந்த 70 பேர் என்று முன்கூட்டியே தெரிந்தால் நாங்களே வைக்க மாட்டோம். தெரியாது என்பதால்தான் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் பேசுகிறோம். ஒல்லியாக, சர்க்கரை இல்லாமல், இருமல் இல்லாமல் இருக்கும் ஒருவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன், நல்ல தையல் போதும்.

வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று அடுத்து கேட்பார். வந்த பிறகு சரி செய்வது எளிதல்ல, ரேவதி அம்மா அதற்குச் சாட்சி. 2000இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வில், தழும்பு ஹெர்னியாவை வெறும் தையலால் மூடியவர்களில் 43 சதவீதம் பேருக்கு மூன்று வருடத்துக்குள் திரும்ப வந்தது. வலை வைத்தவர்களுக்கே 24 சதவீதம். அதே நோயாளிகளைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது தையல் 63, வலை 32. கிழிந்த பிறகு வலை வைப்பதைவிடக் கிழியும் முன்பே வைத்தால் பலன் அதிகம் என்பது என் கருத்து. ஐரோப்பிய, அமெரிக்க ஹெர்னியா சங்கங்கள் 2022இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் சின்னத் தையலைப் பரிந்துரைத்துவிட்டு, முன்கூட்டியே வலை வைப்பதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. எல்லோருக்கும் வை என்று சொல்லவில்லை, அதையும் கவனியுங்கள்.

கொண்டலாம்பட்டி கதிர்:

டாக்டர் சார், அந்தத் தடை விஷயம்? அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

சேலம் சர்ஜன்:

விட்டுப்போய்விட்டது கதிர், நல்லவேளை கேட்டீர்கள். நீங்கள் பார்த்த செய்தி உண்மைதான், ஆனால் இடம் வேறு. கர்ப்பப்பை, மூத்திரப்பை இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலையைத்தான் 2019 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தச் சொன்னது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. அங்கே மெல்லிய சவ்வுக்கு அடியில் வலை உட்கார்ந்து அரித்து வெளியே வந்தது, அந்தப் பெண்கள் பட்ட வேதனை பொய்யில்லை. வயிற்றுச் சுவரில் வைக்கும் வலை அதில் அடங்காது. ஹெர்னியாவுக்கு இன்றும் உலகம் முழுக்க வைக்கிறார்கள்.

அதற்காக வயிற்று வலையில் தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று நாட்டு ஆய்வில் படலத்துக்கு மேல் வலை வைத்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு அந்த இடத்தில் நீர் கோத்துக்கொண்டது. தசைக்குப் பின்னால் வைத்தவர்களுக்கு 7, வெறும் தையலுக்கு 5. பெரும்பாலும் தானாக வற்றும், சில சமயம் ஊசியால் எடுக்க வேண்டும். சீழ் பிடிப்பதில் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அக்கா வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் வலையில் சீழ் பிடித்தால் அதை ஆற்றுவது கஷ்டம் என்று அவர் பயப்படுவது சரியே. சிலருக்கு வலியும் இறுக்கமும் நீடிக்கும். பின்னாளில் வேறு காரணத்துக்கு அதே வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் வலையை வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

அம்மா விஷயத்தில் மிக முக்கியமானது இதுதான்: கட்டியை எடுக்கும்போது குடல் ஒட்டியிருந்து அதைத் திறக்க நேர்ந்தால் என்ன செய்வார்கள்? அழுக்கான வயிற்றில் நான் வலை வைக்க மாட்டேன். கட்டி புற்றுநோயாக இருந்து கீமோ தேவைப்பட்டால், புண் சீழ் வைத்தால் கீமோ தள்ளிப்போகும். அதுவும் கணக்கில் வர வேண்டும். ஆகவே "மெஷ் வைப்பீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த அடுக்கில் வைப்பீர்கள், எந்த நிலைமையில் வைக்காமல் விடுவீர்கள், வைக்காவிட்டால் எப்படித் தைப்பீர்கள், இந்த மூன்றையும் கேளுங்கள். அதற்குத் தயங்காமல் பதில் சொல்கிறவர் என்றால் நம்பிக் கையெழுத்துப் போடலாம்.

அம்மாபேட்டை தறி:

சார், மாமியாருக்கு இப்போது வீக்கம் இருக்கிறது, வலி இல்லை. காத்திருக்கலாமா? பெல்ட் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சேலம் சர்ஜன்:

வலியில்லாமல் உள்ளே போய் வருகிற வீக்கம் என்றால் பதறாமல், நாள் குறித்து ஒரு சர்ஜனைப் பாருங்கள். பெல்ட் போட்டால் நடக்கச் சௌகரியம், ஹெர்னியாவைக் குணப்படுத்தாது. ஆனால் படுத்தும் உள்ளே போகவில்லை, தொட்டால் வலிக்கிறது, தோல் சிவந்திருக்கிறது, வாந்தி வருகிறது, காற்றுப் பிரியவில்லை என்றால் குடல் அந்த ஓட்டையில் மாட்டி நெரிபடுகிறது என்று அர்த்தம். அப்போது வீட்டில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, கையால் அமுக்கி உள்ளே தள்ளிப் பார்க்கவும் கூடாது. எந்த நேரமானாலும் நேராக அவசரப் பிரிவு. மலைமேல் இருப்பவர்கள் விடியட்டும் என்று உட்காரவே கூடாது. 108ஐக் கூப்பிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும்.

அஸ்தம்பட்டி பிசியோ:

நாகலூர் தம்பிக்கு ஆபரேஷனுக்குப் பிறகான சில விஷயங்கள். நான் பிசியோதெரபிஸ்ட்.

முதல் சில வாரங்களில் அம்மா எழும்போது நேராக எழ விடாதீர்கள். ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் ஒரு சின்னத் தலையணையைத் தழும்பின் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். இதை ஆபரேஷனுக்கு முன்பே பழக்கிவிட்டால் நல்லது, வலியில் புதிதாகக் கற்றுக்கொள்வது கஷ்டம். வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அந்தத் தலையணை மடியிலேயே இருக்கட்டும், டிரைவரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாளிலிருந்தே நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் புண் சீக்கிரம் ஆறும் என்று நினைப்பது தவறு. நெஞ்சில் சளி கட்டும், இருமல் கூடும், இருமல்தான் தழும்புக்குப் பகை. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கக் கூடாது. கனமான பொருள் தூக்குவதைச் சுமார் ஆறு வாரம் தள்ளிப்போடச் சொல்வோம். உங்கள் பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் பருவம் வந்துவிட்டால் வீட்டில் யாரும் சும்மா இருக்க முடியாது என்று தெரியும். உட்கார்ந்து பழம் பிரிக்கட்டும், சாக்கு தூக்க வேண்டாம், மிளகு ஏணியில் ஏற வேண்டாம்.

குகை ரேவதி:

புரதம் நிறையக் கொடுங்கள் தம்பி. பத்தியம் என்று சொல்லி எனக்கு மிளகு ரசமும் சோறும் மட்டுமே கொடுத்தார்கள். புண்ணுக்குச் சதை எங்கிருந்து வரும்? முட்டை, சுண்டல், பருப்பு, மீன், எது பிடிக்குமோ கொடுங்கள்.

சேலம் சர்ஜன்:

ரேவதி அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பத்தியம் என்ற பெயரில் ஆபரேஷன் ஆனவர்களை நம் வீடுகளில் பட்டினி போடுகிறோம்.

முன்பே செய்ய வேண்டியதும் உண்டு. கட்டி காத்திருக்காது, எனவே எடையைக் குறைக்க இப்போது நேரம் இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர முடியும். இருமலுக்கு நெஞ்சு மருத்துவரைப் பார்த்துவிட்டே போங்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் புகைத்தால் அம்மா பக்கத்தில் வேண்டாம். அம்மாவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புகையிலையை விட்டு நான்கு வாரமாவது ஆகியிருந்தால் புண் ஆறுவதில் வித்தியாசம் தெரியும், அவ்வளவு நாள் இல்லாவிட்டாலும் விட்டவரை லாபம்.

நாகலூர் மகன்:

எல்லோருக்கும் நன்றி. புகையிலை விஷயம் சார் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அம்மாவே கேட்டார். நிறுத்தியிருக்கிறார்.

இன்று கீழே போய் டாக்டரைப் பார்த்தோம். மூன்று கேள்வியையும் தாளில் எழுதிக்கொண்டு போனேன். அவர் கோபப்படவில்லை, உட்காரச் சொல்லிப் படம் போட்டுக் காட்டினார். தசைக்குப் பின்னால் வைப்பாராம். அங்கே வைக்கச் சாதாரண பாலிபுரொப்பிலீன் வலையே போதும், குடலைத் தொடுகிற மாதிரி வைக்கும்போதுதான் பூச்சுப் பூசிய விலை கூடிய வலை வேண்டும் என்றார். குடலைத் திறக்க நேர்ந்தால் வலை வைக்க மாட்டேன், சின்னத் தையல் மட்டும்தான், அதை நானே நின்று போடுவேன் என்றார். அப்பாவுக்கு 100 பேர் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "30 பேரில் ஒருத்தியாக அவள் இருந்துவிட்டால் அப்புறம் யாரைக் கேட்பது, வைக்கச் சொல்" என்றார். சம்மதம் சொல்லிவிட்டோம்.

காப்பீட்டு அட்டை இருக்கிறது. வேறு என்ன செய்ய வேண்டும்?

ஓ.டி. சிஸ்டர்:

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை என்றால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் கட்டி எடுப்பதோடு வலைக்கும் சேர்த்து அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். பிறகு கையில் பில் வந்து நிற்கக் கூடாது.

இன்னொன்று. வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் வலை வைத்தார்களா, என்ன வலை, என்ன அளவு, எந்த அடுக்கில், என்ன நூலால் மூடினார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வலைப் பெட்டியில் கம்பெனி பெயரும் லாட் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி அந்தத் தாளிலேயே ஒட்டச் சொல்லுங்கள். நாளைக்கு வேறு எதற்காவது வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் அந்த டாக்டர் முதலில் தேடுவது அதைத்தான். போனில் படம் பிடித்து உங்கள் அக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.